தரங்கம்பாடியில் நம் பங்கு

வேளாங்கண்ணித் தாயின் திருத்தலம் நோக்கிச் சிதம்பரம், சீர்காழி வழியாகச் செல்லும் நம் மக்கள், திருக்கடையூரைத் தாண்டிப் பொறையாற்றை நெருங்குகையில் கிழக்கே கடலை நோக்கிப் பிரியும் ஒரு சாலையைக் கடக்கின்றனர். காவியுடுத்து நடந்து வருவோராயினும், பேருந்தில் விரைவோராயினும், அச்சாலையில் திரும்புவோர் மிகச் சிலரே. அது கொண்டுபோய் விடும் ஊர் தரங்கம்பாடி. "அது லூத்தரன்காரர் ஊர், நமக்கு அங்கென்ன இருக்கிறது?" என்பதே பலருடைய கருத்து. அண்மையில் அவ்வூருக்குச் சென்று ஒரு பகல் முழுதும் தங்கிய நமக்கு அக்கேள்விக்குக் கிடைத்த விடை சற்று நீளமானது. அதில் இனிப்பும் உண்டு, கசப்பும் உண்டு.

ஊர் சிறியது. 1792இல் கட்டப்பெற்ற வெண்ணிற வாயிலுள் நுழைந்தால், ராஜ வீதி நேரே கடலைப் பார்த்து ஓடுகிறது. தூண்கள் தாங்கிய முன்றில்களை உடைய பழைய வீடுகள் சில செப்பனிடப்பட்டு நிமிர்ந்து நிற்கின்றன. சில, கூரையிழந்து ஆலங்கன்றுகளைச் சுமந்து நிற்கின்றன. வீதி முடியுமிடத்தில் பெருவெளி. அதற்கப்பால் டேன்சுபோர்க்குக் கோட்டை. அதற்கும் அப்பால் அலைகள். நகரம் என்று வரலாறு பேசும் இடம் இன்று மீனவரும் பள்ளிப் பிள்ளைகளும் சுற்றுலா வருவோரும் நடமாடும் ஒரு சிற்றூராகிவிட்டது. நண்பகலில் ராஜ வீதியின் இக்கோடியில் நின்றால் அக்கோடியின் அலையோசை கேட்கிறது.

டென்மார்க்கு நாட்டார் வருவதற்கு முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே இங்கு ஊர் இருந்தது. மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த மாசிலாமணிநாதர் கோயில் கடற்கரையில் உள்ளது. அதன் முற்பகுதியைக் கடல் அரித்துத் தின்றுவிட்டது. அலைகள் வந்து மோதும் அக்கற்களைப் பார்க்கையில், இவ்வூருக்கு வந்த அயலார் அனைவரினும் பழைய ஆட்சி கடலுடையது என்றே தோன்றியது.

டேனியர் வந்த வரலாறு சுருக்கமானது. கிராப்பே என்பவர் முன்னதாக வந்த கப்பலைப் போர்த்துக்கீசியர் தாக்கி அழிக்க, அவர் தப்பித் தஞ்சை அரண்மனையைச் சேர்ந்தார். பின்னர் வந்த கடற்படைத் தலைவர் ஓவே கெட்டே 1620இல் இரகுநாத நாயக்கரோடு உடன்படிக்கை செய்து இம்மண்ணைப் பெற்றார். நாயக்கர் டென்மார்க்கு மன்னர் நான்காம் கிறிஸ்தியானுக்குத் தமிழில் எழுதுவித்த பொன்னோலை இன்றும் கோபன்கேகன் ஆவணக் காப்பகத்தில் உள்ளது. மிளகும் துணியும் வாங்க வந்தவர்கள் அவர்கள். 17ஆம் நூற்றாண்டில் இத்துறையிலிருந்து அடிமைகளாக மனிதரையும் கப்பலேற்றினர் என்பதைக் கோட்டையின் அழகில் மயங்குவோர் மறந்துவிடக் கூடாது. 1845இல் சேராம்பூரோடு சேர்த்துப் பன்னிரண்டரை இலட்சம் ரூபாய்க்கு ஊரை ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுச் சென்றனர். ஆங்கிலேயருக்கோ அருகிலேயே நாகப்பட்டினம் இருந்தது. தரங்கம்பாடி உறங்கத் தொடங்கிற்று.

வணிகக் கணக்கோடு முடிந்திருக்க வேண்டிய இவ்வூரின் கதையை மாற்றியவர் 1706 ஜூலை 9ஆம் நாள் கப்பலிலிருந்து இறங்கிய இருவர். பர்த்தலோமேயு சீகன்பால்கு, ஐன்ரிக்கு புளூட்சோ என்ற அவ்விரு ஜெர்மானியரையும் அனுப்பியவர் டென்மார்க்கு மன்னர் நான்காம் பிரடெரிக்கு. நம் தத்துவ போதகர் ராபர்ட் தெ நோபிலி மதுரையில் காலடி வைத்தது 1606இல். சரியாக நூறாண்டு இடைவெளி! சீகன்பால்குக்கு அப்போது இருபத்து நான்கு வயது நிறையப் பின்னும் ஒருநாள் இருந்தது.

அந்நாளில் நகர மதிலுக்குள் கத்தோலிக்கரும் இருந்தனர். போர்த்துக்கீசிய வழித்தோன்றல்களும் தமிழருமாக வாழ்ந்தனர். புதிதாக வந்த போதகருக்கும் நம்மவருக்கும் இடையே உரசல் எழ நெடுநாள் ஆகவில்லை. நாவிதர் ஒருவர் இறந்தபின் அவர் மனைவிக்கும், கம்பெனியில் மொழிபெயர்ப்பாளராக இருந்த கத்தோலிக்கர் ஒருவருக்கும் கடன் வழக்கு ஒன்று எழுந்தது. சீகன்பால்கு கைம்பெண்ணின் பக்கம் நின்றார். ஏற்கெனவே அவர்மீது சினங்கொண்டிருந்த ஆளுநர் ஹாசியுஸ் இதையும் இதனையொட்டிய பூசல்களையும் காரணமாகக் கொண்டு, 1708ஆம் ஆண்டின் இறுதியில் அவரைக் கோட்டையில் சிறையிட்டார்; நான்கு மாதங்களுக்குப் பின்னரே விடுவித்தார். கோட்டையின் கீழ்த்தளத்தில் வளைந்த கூரையுடைய அறைகளைப் பார்த்தவண்ணம் நடக்கையில் இவ்வழக்கே நம் நினைவில் நின்றது. அதில் நம்மவர் நின்ற பக்கம் கைம்பெண்ணின் பக்கமன்று.

ஆயினும் இதே மனிதருக்கு வாய் திறந்து தமிழ்ப் பேசக் கற்பித்ததில் நம் முன்னோருக்குப் பங்குண்டு. சீகன்பால்கு முதலில் ஒரு திண்ணைப் பள்ளி ஆசிரியரைப் பிள்ளைகளோடு தம் வீட்டிற்கே வரவழைத்து, அவர்களோடு அமர்ந்து மணலில் எழுதிப் பழகினார். அழகப்பன் என்னும் பன்மொழி அறிந்தவர் அவருக்கு மொழிபெயர்ப்பாளராக வாய்த்தார். ஆனால் விண்ணகம், அருள், பாவம், மீட்பு என்ற மறைப்பொருள்களைத் தமிழில் எவ்வாறு சொல்வது? திண்ணைப் பள்ளியில் அதற்கு விடை இல்லை. தஞ்சை நாட்டில் இயேசு சபைக் குருக்கள் எழுதிப் பரப்பியிருந்த ஏட்டுச் சுவடிகள் அவர் கைக்கு எட்டின. அவற்றை ஊன்றிப் படித்தார். 1708இல் தம்மிடமிருந்த தமிழ்ச் சுவடிகளுக்கு அவர் எழுதிய விளக்கப் பட்டியலில் கத்தோலிக்க நூல்களுக்கெனத் தனிப் பகுதியே உண்டு. கொள்கையில் குறை கண்டாலும் மொழியை அங்கிருந்தே எடுத்துக்கொண்டார். கடவுளுக்கு அவர் வழங்கிய சொல் சர்வேசுரன். அது நோபிலியும் அவர்வழி வந்தோரும் வழக்கில் நிறுத்திய சொல்.

வேறொன்றிலும் இவ்விருவரும் ஒத்திருந்தனர். நோபிலியின் முறைகளை அவருடைய சொந்தத் திருச்சபையிலேயே பலர் ஐயுற்றனர். 1623இல் திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரி தீர்ப்பளிக்கும்வரை அவருக்கு அமைதி இல்லை. சீகன்பால்கு தமிழரின் சமயங்களைப் பற்றி உழைத்து எழுதி 1713இல் ஜெர்மனிக்கு அனுப்பிய நூலை, அங்கிருந்த அவருடைய மேலோர் அச்சேற்ற விரும்பவில்லை. பொய்ச் சமயத்தை ஒழிக்க அனுப்பப்பட்டவர் அதனை ஐரோப்பாவில் பரப்புவதா என்று கேட்டனர். அந்நூல் வெளிவர 1867 வரை காத்திருந்தது. தமிழரை அறிய முனைந்தவர் எந்தச் சபையினராயினும் அவருக்குத் தம் வீட்டாரிடமே முதல் இடர்ப்பாடு போலும்.

இனி அச்சுக் கதைக்கு வருவோம். இது நம்மைப் பெருமையும் நாணமும் ஒருசேரக் கொள்ளச் செய்வது.

தமிழ் எழுத்தில் முதன்முதல் நூலச்சிட்டவர் நம்மவர். ஹென்றிக்கே ஹென்றிக்கஸ் அடிகளின் 'தம்பிரான் வணக்கம்' 1578இல் கொல்லத்தில் அச்சாயிற்று. பதினாறே பக்கங்கள் கொண்ட சிறு நூல். மறுஆண்டு கொச்சியில் 'கிரிசித்தியானி வணக்கம்' வெளிவந்தது. 1586இல் புன்னைக்காயலில் அச்சிட்டதாகக் கருதப்படும் 'அடியார் வரலாறு' அறுநூறு பக்கங்களுக்கும் மேற்பட்டது. முத்துக்குளித்துறையின் பரதவ மக்களுக்காக, அவர்கள் தாய்மொழியில், இந்திய மொழிகள் வேறெதிலும் அச்சு எழுத்துத் தோன்றாத காலத்தில் நிகழ்ந்த அருஞ்செயல் இது. பிறகு? 1679இல் அம்பலக்காட்டில் அச்சான பிரோயென்சா அடிகளின் தமிழ் போர்த்துக்கீசிய அகராதியைச் சுட்டலாம். அதன்பின் நம் அச்சு எழுத்துகள் ஓய்ந்துவிட்டன. உள்நாட்டில் பணியாற்றிய நம் குருக்கள் ஓலையையும் எழுத்தாணியையும் கொண்டே அரிய நூல்களைப் படைத்தனர்; படி எடுப்போர் கையளவுக்கு மேல் அவை பரவ வழியில்லை.

தரங்கம்பாடிக்கு அச்சு வந்த வழி வேடிக்கையானது. டென்மார்க்கு மன்னரின் ஊரில் பணியாற்றிய ஜெர்மானிய லூத்தரன் போதகருக்கு அச்சுப்பொறியை அனுப்பியது இலண்டனில் இருந்த ஆங்கிலிக்கன் சங்கம் ஒன்று. அதை ஏற்றிவந்த கப்பலைப் பிரேசில் கரையில் பிரெஞ்சுக்காரர் பிடித்தனர். கத்தோலிக்க மன்னரின் படையினர் அவர்கள்! அடித்தட்டில் கிடந்த பொறி தப்பித்தது. உடன்வந்த அச்சர் வழியிலேயே இறந்தார். 1712இல் பொறி கரை சேர்ந்தபோது அதை இயக்கத் தெரிந்த போர்வீரர் ஒருவரைத் தேடிப் பிடிக்க நேர்ந்தது. முதலில் போர்த்துக்கீசிய எழுத்துகளே இருந்தன. ஹாலே நகரில் வார்த்த தமிழ் எழுத்துகள் 1713இல் வந்தன. அவை அளவிற் பெரியவை. தாள் மிகுதியாகச் செலவாயிற்று. எனவே ஆட்லர் என்னும் அச்சர் பொறையாற்றிலேயே சிறிய எழுத்துகளை வார்த்தார். தாள் ஆலையும் அங்கேயே எழுந்தது. 1714இல் நான்கு நற்செய்திகளும் திருத்தூதர் பணியும், 1715இல் புதிய ஏற்பாடு முழுவதும் வெளிவந்தன. இந்திய மொழியொன்றில் புதிய ஏற்பாடு அச்சாகி மக்கள் கைக்கு வந்தது அதுவே முதன்முறை.

நம்மவர் தொடங்கியபோது வணக்க நூலும் அடியார் வரலாறும் அச்சிட்டனர். இவர்கள் நற்செய்தியை அச்சிட்டனர். அக்காலக் கத்தோலிக்கத் திருச்சபையின் நெறியும் சூழலும் வேறு என்பதை நாம் அறிவோம். விளக்கவுரையின்றி மறைநூலை எல்லார் கையிலும் கொடுப்பதை அன்று நம் மேலோர் விரும்பவில்லை. அதற்கு அவர்கள் கூறிய காரணங்களையும் நாம் எள்ளுவதற்கில்லை. எனினும் அதற்கு நாம் கொடுத்த விலை என்ன என்பதை ஒரு மனிதரின் வாழ்வு காட்டுகிறது.

இராசநாயக்கன் என்பவர் தஞ்சை அரசரின் படையில் பணியாற்றியவர். கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர். தரங்கம்பாடியில் அச்சிட்ட நற்செய்தி நூல் ஒன்று அவர் கண்ணிற்பட்டது. அதை வாங்கிப் படித்தார். தம் ஓய்வு நேரமெல்லாம் அதிலேயே கழித்தார். ஆண்டவரின் சொற்களை நேரே படிக்க வேண்டும் என்ற வேட்கையே அவரைத் தரங்கம்பாடிக்கு இட்டுச் சென்றது. பிறகு அவர் அச்சபையின் உபதேசியாராகித் தஞ்சை நாட்டில் உழைத்தார். அவரையும் அவரைப் பின்பற்றியோரையும் நம்மவர் பகைத்தனர், பூசல்கள் நிகழ்ந்தன. 'வேதம் புரட்டுவோர்' என்று இருபுறத்தாரும் ஒருவரையொருவர் ஏசிய காலம் அது. ஆனால் அம்மனிதர் நம்மை விட்டுப் போனது பொன்னுக்கோ பதவிக்கோ அன்று, ஒரு புத்தகத்துக்காக. அது நம்மிடம் இருந்திருப்பின் அவர் எங்கும் போயிருக்க வேண்டியதில்லை.

சென்ற இடத்திலும் அவருக்கு முழு நீதி கிடைக்கவில்லை. 1733இல் ஆரோன் என்ற தமிழரைக் குருத்துவப் பணிக்கு உயர்த்திய தரங்கம்பாடிச் சபை, 1741இல் இரண்டாமவரைத் தேர்ந்தபோது இராசநாயக்கனை ஒதுக்கிற்று. அவர் பறையர் குலத்தில் பிறந்தவர்; உயர்த்தப்பட்டால் பிற குலத்தார் அவர் கையால் திருவிருந்து பெறமாட்டார் என்று அஞ்சினர். கத்தோலிக்கராகிய நாம் இதைப் படித்துவிட்டு விரல் நீட்ட இயலாது. சாதிக்கொரு பகுதியாகக் கோயிலைப் பிரித்து நின்ற பங்குகள் நம் மறைமாவட்டங்களிலும் இருந்தன. கல்லறையில் இன்றும் சுவர் உள்ள ஊர்களை வாசகர்களே அறிவர். கொள்கைக்காக இரு சபையாரும் ஒருவரோடொருவர் மோதிய அத்தனை ஆண்டுகளிலும் இந்த ஒன்றில் மட்டும் பெரும் வேறுபாடு இருந்ததாகத் தெரியவில்லை.

இப்பூசலின் நடுவே தான் நம் வீரமாமுனிவர் வருகிறார். 1711இல் தமிழகத்து மறைப்பணிக்கு வந்து, ஏலாக்குறிச்சியில் நெடுங்காலம் வாழ்ந்து, 'தேம்பாவணி' பாடிய முனிவர், தரங்கம்பாடியாரை எதிர்த்துக் கூரிய உரைநடையில் எழுதினார். 'வேத விளக்கம்', 'பேதகமறுத்தல்', 'லுத்தேரினத்தியல்பு' என்பன அவ்வகையின. தரங்கம்பாடி மொழிபெயர்ப்பின் தமிழை அவர் எள்ளி நகையாடினார். அதில் உண்மை இல்லாமலில்லை. தமிழ் கற்று இரண்டே ஆண்டுகளில் மொழிபெயர்க்கத் தொடங்கிய இளைஞரின் நடை, காப்பியம் பாடியவர் காதுக்கு எப்படி இனிக்கும்? கரடுமுரடான நடைதான். ஆனால் கரடுமுரடான அந்த நடையைத்தான் படைவீரர் ஒருவர் படித்து உள்ளம் உருகினார் என்பதையும் சேர்த்தே எண்ண வேண்டியுள்ளது.

இனி வருவது, பலருக்குத் தெரியாதது. வீரமாமுனிவர் இலத்தீனில் எழுதிய கொடுந்தமிழ் இலக்கணம், அதாவது மக்கள் பேசும் தமிழுக்கான இலக்கணம், 1738இல் அச்சாயிற்று. எங்கே? உரோமையில் அன்று, கோவாவிலும் அன்று. தரங்கம்பாடி லூத்தரன் அச்சுக்கூடத்தில்! முனிவர் அப்போது உயிரோடிருந்தார். 1747இல்தான் அவர் இறைவனடி சேர்ந்தார். தம்மைக் கடுமையாகத் தாக்கி எழுதிய இயேசு சபைத் துறவியின் நூலை, தமிழ் கற்க அதனினும் சிறந்த நூல் இல்லை என்று கண்டு, அப்போதகர்கள் எழுத்துக் கோத்து, மை பூசி, தாளிலேற்றினர். சினத்தைவிடத் தேவை பெரிது என்று சொல்லிவிடலாம். நாம் அவ்வளவில் விட மனமில்லை. பகைவரிடம் உள்ள மெய்யான திறமையை ஏற்றுக்கொள்ளும் நேர்மை அவர்களிடம் இருந்தது. நம் முனிவரின் இலக்கணம் மண்ணோடு போகாமல் அச்சில் நின்றதற்கு நாம் அவர்களுக்குக் கடன்பட்டிருக்கிறோம்.

அச்சுக்கூடம் இருந்த பகுதியைக் கண்டபின் ராஜ வீதியிலுள்ள புதிய எருசலேம் ஆலயத்துக்குள் சென்றோம். 1718இல் அர்ச்சிக்கப்பட்டது. சிலுவை வடிவில் அமைந்த கட்டடம், தடித்த சுவர்கள், முகப்பில் மன்னர் பிரடெரிக்கின் முத்திரை. உள்ளே சுரூபங்கள் இல்லை. நமக்கு அது சற்று வெறுமையாகவே பட்டது. பீடத்தின் முன்னே சீகன்பால்கு அடக்கம் செய்யப்பட்டுள்ளார். 1719 பிப்ரவரி 23இல் இறந்தபோது அவருக்கு வயது முப்பத்தாறு. பழைய ஏற்பாட்டில் ரூத்து ஆகமம் வரை மொழிபெயர்த்து முடித்திருந்தார். எஞ்சியதைப் பின்வந்த சூல்சு நிறைவுசெய்தார். நம்மோடு வந்த மூத்த அன்பர் ஒருவர் கல்லறை முன் நின்று, வழக்கம்போல் சிலுவை அடையாளம் வரைந்து, நித்திய இளைப்பாற்றிச் செபம் சொன்னார். ஆலயத்தைக் காட்டிய பணியாளர் ஒதுங்கி நின்று, செபம் முடிந்ததும் தாமும் "ஆமென்" என்றார்.

இருநூறு ஆண்டுகளுக்கு முன் இது நடந்திராது. நம் மக்களுக்குத் தமிழில் புதிய ஏற்பாடு முழுவதும் அச்சில் கிடைக்கவே 19ஆம் நூற்றாண்டு வந்தது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் மறைநூலைப் பொதுநிலையினர் கைகளில் வைத்தது. கிறிஸ்தவ ஒன்றிப்பைப் பற்றிய அதன் ஏடு 1964இல் வெளிவந்தது. 1999 அக்டோபர் 31இல் நம் திருச்சபையும் லூத்தரன் உலகக் கூட்டமைப்பும், மனிதர் இறையருளால் ஏற்புடையோராக்கப்படுவது பற்றி ஒருங்கே அறிக்கை கையெழுத்திட்டன. லூத்தர் தம் காலத்தில் எழுப்பிய வினாவின் மையமே அது. தமிழகத்திலோ அதற்கு நான்கு ஆண்டுகள் முன்னரே, 1995இல், கத்தோலிக்கரும் பிற சபையாரும் சேர்ந்து உருவாக்கிய 'திருவிவிலியம்' பொது மொழிபெயர்ப்பு வெளிவந்துவிட்டது. வீரமாமுனிவரும் சீகன்பால்கும் ஒரே மேசையில் அமர்ந்து சொல்லுக்குச் சொல் வழக்காடியிருந்தால் எப்படி இருந்திருக்கும் என்பதை அக்குழுவில் உழைத்தோர் ஓரளவு அறிந்திருப்பர்.

அம்மொழிபெயர்ப்பில் இறைவனுக்கு வழங்கும் சொல் கடவுள். சீகன்பால்கு எழுதிய சர்வேசுரனை அவர்தம் சபையார் பின்னர்க் கைவிட்டனர். பப்ரிசியுஸ் பராபரன் என்றார். பின்வந்தோர் தேவன் என்றனர். இன்றும் அவர்களில் பலர் வழிபாட்டில் தேவனையே வாசிக்கின்றனர். பழகிய சொல்லை விடுதல் எளிதன்று. 1715இல் தரங்கம்பாடி அச்சு எழுத்தில் பதிந்த சர்வேசுரன் என்ற சொல்லை இன்று கேட்க வேண்டுமாயின் லூத்தரன் ஆலயத்துக்குப் போய்ப் பயனில்லை. மாலையில் செபமாலை சொல்லும் நம் பாட்டிமாரின் அருகில் அமர வேண்டும்.